ஆந்தை அட்டைக்கு ஓர் ஆள்

எங்கள் அச்சகத்தில் இப்போது அட்டைகளைச் சோதிப்பது ஒரு கேமரா. தாள் ஓடும்போதே அது பார்த்துவிடுமாம். நிறம் கொஞ்சம் பிசகினாலும் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்துமாம். எனக்குப் பிறகு சோதனைப் பகுதிக்கு வந்து, இன்று அந்தப் பகுதிக்கே தலைவியாக இருக்கும் விமலா போன மாதம் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னாள்.

“ஒரு அட்டையையும் விடாதுக்கா. கண்ணே சிமிட்டாது.”

“அது காலையில யாரு மூஞ்சியில முழிச்சிட்டு வேலைக்கு வருது?” என்று கேட்டேன்.

“கேமராவுக்கு என்னாக்கா சகுனம்?”

“அதுக்கு இல்லலா. எங்களுக்கு இருந்துச்சு.”

அப்புறம் அவள் விடவில்லை. கதையைக் கேட்டு முடித்ததும், அச்சகத்தின் ஆண்டு மலருக்கு அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னாள். நான் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றே படித்தேன். பிழை இருந்தால் விமலா திருத்தட்டும். யாருக்காவது சிரிப்பு வந்தால் அதை மட்டும் திருத்த வேண்டாம்.

எழுபதுகளின் கடைசி. சுங்காய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் கித்தாவைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். வீட்டுக்காரருக்கு ஈப்போவில் லாரியில் வேலை கிடைத்தது. மகள், மாமியார், சட்டி பானை எல்லாவற்றையும் அதே லாரியில் ஏற்றிக்கொண்டு புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். மாமியார் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நான் பின்னால் ஆட்டுக்கல்லோடு வந்தேன்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தாள். அவள்தான் என்னை அங்கே கூட்டிப் போனாள். உள்ளே நுழைந்ததும் மெஷினின் வயிற்றில் பெரிய ரப்பர் போர்வை ஒன்று சுற்றியிருந்தது. படம் முதலில் அந்த ரப்பரில் விழுந்து, அதிலிருந்துதான் தாளுக்குப் போகும் என்றார்கள். ரப்பர் போதுமடா சாமி என்று ஓடி வந்தவள், மறுபடியும் ரப்பர் முன்னாலேயே வந்து நின்றேன்.

என்னைச் சேர்த்தது ஒரே ஒரு வேலைக்காக. ஒரு பிஸ்கட் கம்பெனி பறவை அட்டைகள் அடிக்கக் கொடுத்திருந்தது. ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்குள் ஓர் அட்டை. முன்பக்கம் பறவை. பின்பக்கம் அதன் பெயர் நாலு மொழியில், கீழே கம்பெனி முத்திரை. எல்லாப் பறவைகளையும் சேர்த்துப் புத்தகத்தில் ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டினால் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் இலவசம். ஒரு பறவை குறைந்தாலும் போத்தல் கிடையாது.

எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, முதல் நாளே சொல்லிவிட்டார். அட்டை வேலை இரண்டு தடவையாக வரும். இரண்டாம் தடவையும் நமக்கே வந்தால் புது ஆட்களில் நல்லவர்களை நிரந்தரமாக்குவேன். வராவிட்டால் நீங்கள் போகலாம். போகலாம் என்றால் எங்கே போவது? நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்து அங்கே செம்பனைக் கன்று நட்டாகிவிட்டது. மகளை அப்போதுதான் ஈப்போவில் முதல் வகுப்பில் சேர்த்திருந்தேன். எனக்கு அந்த வேலை நிலைத்தாக வேண்டும்.

எங்கள் சூப்பர்வைசர் லியோங் அக்கா. சீனர்தான், ஆனால் அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடன் கேட்டு வந்த தமிழர்களின் மடியில் வளர்ந்ததால் அவர் தமிழ் நம்மைவிடக் காரமாக இருக்கும். கொண்டையில் ஒரு பென்சில், வாயில் ஒரு புளிப்புக் கொட்டை. சத்தம் போட மாட்டார். தப்பான அட்டையை விட்டுவிட்டால், அதைத் துணிக்கிளிப்பால் நம் தலைக்கு மேலே ஓடும் கயிற்றில் மாட்டுவார். அன்று முழுக்க அது காற்றாடிக் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். “ஏ புள்ள” என்று கூப்பிட்டால் அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். “அம்மா” என்று மரியாதையாகக் கூப்பிட்டால் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும்.

பார்க்கும் முறையை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒரு தாள் நாலு தடவை அச்சாகும். தாளின் மூலையில் சின்னச் சிலுவைக் குறி இருக்கும். நாலு நிறச் சிலுவையும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே சிலுவையாகத் தெரிய வேண்டும். மயிரிழை தள்ளினாலும் கொக்குக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். ஈரக் காற்றில் மை சீக்கிரம் காயாது. ஆகவே மேல் தாளின் முதுகில் ஒட்டாமல் இருக்க வெள்ளைப் பொடி தூவுவார்கள். சாயங்காலம் நாங்கள் எல்லாரும் மாவு மில்லிலிருந்து வருகிற மாதிரி வீட்டுக்குப் போவோம். பவுடர் வாங்கும் செலவு மிச்சம்.

ஒரே தாளில் எல்லாப் பறவையும் வரிசையாக இருக்கும். அதனால் எந்தப் பறவையும் கூடவோ குறையவோ அச்சாகாது. காய்ந்ததும் கத்தி மெஷினில் வெட்டி, பறவைவாரியாக அடுக்கிக் கொண்டுவந்து எங்கள் நீள மேசையில் வைப்பார்கள். அட்டையைச் சீட்டு விரிப்பது போல விரித்து முகம், முதுகு, ஓரம் மூன்றையும் பார்ப்போம். பிறகு பறவைக்கு ஒன்றாக எடுத்துக் கலந்து கட்டாக்கி, காகிதப் பட்டை சுற்றிப் பெட்டியில் அடுக்குவோம். செல்லம்மா, ரொக்கியா, சியூ யிங், கடைசி மூலையில் நான். கட்டுக்குள் எது போகிறது என்று லியோங் அக்கா பார்க்க மாட்டார். அட்டை நன்றாக இருந்தால் அவருக்குப் போதும்.

அட்டை ரொம்ப நன்றாக இருந்ததுதான் வினை.

முதலில் மாதிரிக்கு அடித்த தாளில் ஆந்தை ஏதோ ஜுரத்தில் படுத்திருந்தது போல இருந்தது. கண்ணில் மஞ்சளுக்குப் பதில் சாணி நிறம். லியோங் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார், வெயிலில் பார்ப்பார், திரும்ப மெஷினிடம் ஓடுவார். மை உருளையைக் கழுவச் சொன்னார். மறுபடியும் கழுவச் சொன்னார். மெஷின்காரர், “என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு கழுவிக்கிட்டதில்ல” என்றார். கடைசியில் வந்ததே ஒரு மஞ்சள்! ஆந்தை கண்ணைத் திறந்துவிட்டது. அட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நம்மையே பார்த்தது. பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்த அழகப்பன் சார் அந்தத் தாளைப் பார்த்து, “உயிரோட இருக்கே” என்று சொல்லி அனுமதிக் கையெழுத்துப் போட்டார். லியோங் அக்கா அன்று எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

அச்சாகிக் காய்ந்து வெட்டி முடித்த பிறகு, ஒரு நாள் காலையில் ஆந்தைக் கட்டுகள் மேசைக்கு வந்தன.

செல்லம்மா பார்த்தாள், “முருகா” என்றாள். விடிந்ததும் ஆந்தை முகத்தில் முழித்தால் அந்த நாள் விளங்குமா? மெதுவாகக் கட்டைக் குப்புறப் போட்டு ரொக்கியா பக்கம் நகர்த்தினாள். மலாயில் ஆந்தைக்குப் பெயரே பேய்ப் பறவை. ரொக்கியா யாரையும் புண்படுத்தாத பெண். ஒரு பழுப்புத் தாளால் அதைப் போர்த்தி சியூ யிங் பக்கம் தள்ளினாள். சீனர் வீட்டில் ஆந்தை கூப்பிட்டால் சாவு வரும் என்பார்கள். சியூ யிங் அதை மேசைக்கு அடியில் இறக்கிவிட்டாள். மூன்று இனமும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூலையில் இருந்த எனக்கு ஆந்தை வந்து சேரவே இல்லை. பயப்படும் வாய்ப்பும் கிடைக்கவில்லை.

ஆந்தைக்குப் பதில் கட்டில் இன்னொரு மீன்கொத்தியோ மைனாவோ போயிற்று. அடுத்தவள் கட்டில் ஆந்தை போயிருக்கும் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டாள். செல்லம்மா பாதுகாப்புக்காக மேசைக்கு அடியில் கிடந்த கட்டின் மேல் கொஞ்சம் திருநீறும் தூவியிருந்தாள். அது எப்படியோ ஒரு கொக்கு அட்டையில் ஒட்டி லியோங் அக்கா கையில் சிக்கியது. அவர் அதை மோந்து பார்த்தார்.

“செல்லம்மா அம்மா, இது மெஷின் பவுடரா, மாரியம்மன் பவுடரா?”

அன்று கொக்கு கயிற்றில் ஆடியது. ஏன் திருநீறு வந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வேலை முடியும் நாளில் மேசையில் மற்றப் பறவை எல்லாம் தீர்ந்துவிட்டது. ஆந்தை மட்டும் மலையாக மிச்சம். “எல்லாம் அட்டைதானே லா, கட்டி ஏத்துங்க” என்றாள் செல்லம்மா. மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டை சுற்றிப் பெட்டியில் போட்டார்கள். கடைசிப் பெட்டிகள் கடைசி லாரியில் ஏறின. அந்தப் பெட்டிகளில் இருந்த அட்டையெல்லாம் பிஸ்கட்டோடு தாப்பா ஊர்ப் பக்கம் போயின.

கொஞ்ச நாளில் அழகப்பன் சார் வந்தார். செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை, வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர். அன்று கசங்கியிருந்தது. எங்கள் எல்லாரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். தவுக்கே வாசலில் நின்று சிகரெட்டைப் பற்றவைக்காமலே உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“லியோங், ஈப்போவுல ஒரு பிள்ளைக்கும் ஆந்தை கிடைக்கல. போத்தல் குடுக்கப் பயந்து கம்பெனி ஆந்தையே அடிக்கலன்னு பேசுறாங்க.”

“அடிச்சோமே சார்.”

“அடிச்சீங்க. எல்லாம் தாப்பாவுல இருக்கு! பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு ஆந்தை. ஒரு அம்மா கடைக்குப் போய்ச் சண்டை. ‘பிஸ்கட்டுதானே வாங்குனேன், ஏன் என் வீட்டுக்குள்ள எட்டு ஆந்தை வந்து உக்காந்திருக்கு?’ன்னு. கடைக்காரரு பெட்டியோட திருப்பி அனுப்பிட்டாரு. ஈப்போ பஸ் கண்டக்டர் ஒருத்தரு ஒரு ஆந்தைக்கு மூணு கொக்குன்னு வியாபாரமே பண்றாராம்.”

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த வார்த்தையில் அடங்கிப்போனது.

“ரெண்டாவது தடவைய கமுந்திங்ல ஒரு பிரஸ்ஸுக்குக் குடுக்கலாம்னு மேல பேசிட்டாங்க.”

லியோங் அக்கா வெட்டாத முழுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். எல்லாப் பறவையும் ஒரே அளவு, குறை இல்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “அம்மாமார்களே, ஆந்தை எப்படி தாப்பாவுக்குப் பறந்துச்சு?”

ரொக்கியா தரையைப் பார்த்தாள். சியூ யிங் காற்றாடியைப் பார்த்தாள். செல்லம்மா தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

“கலக்குறது அவ்வளவு கஷ்டமா? சார், இப்ப பாருங்க, நானே காட்டுறேன்” என்று லியோங் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாதிரிக்கென்று எடுத்து வைத்திருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். இருவாச்சி, முகம் மேலே. மீன்கொத்தி, முகம் மேலே. கொக்கு, மைனா, முகம் மேலே. ஆந்தை வந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார், கண் அழகப்பன் சார் மேலேயே இருந்தது. கை மட்டும் தானாக அந்த அட்டையைக் குப்புறத் திருப்பி மைனாவுக்கு அடியில் செருகியது.

என்னால் முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டேன்.

“அக்கா, நீங்களுமா!”

அவர் குனிந்து தம் கையைப் பார்த்தார். காது வரை சிவந்துபோனார். செல்லம்மாவுக்கு அப்போதுதான் தைரியம் வந்தது. “நாங்க என்னா செய்யறதுக்கா? நீங்க அப்படி ஒரு மஞ்சளப் போட்டு வச்சிருக்கீங்க. முழிச்சுப் பாக்குதுல்ல!” ரொக்கியாவும் சியூ யிங்கும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மொழியில் பேச ஆரம்பித்தார்கள். எல்லாம் ஒரே விஷயம்தான்.

விஷயம் புரிந்ததும் அழகப்பன் சார் மூச்சு விட்டார். “அவ்வளவுதானா? அடுத்த தடவை கண்ணுல மஞ்சளக் கொறைச்சிருங்க. மங்கலா அடிங்க. யாரும் பயப்பட மாட்டாங்க. நான் மேல பேசி வேலைய இங்கயே தரச் சொல்றேன்.”

லியோங் அக்கா எழுந்து நின்றார். “ஐயா” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நாங்கள் எல்லாரும் ஓர் அடி பின்னால் போனோம். “மங்கலா அடிக்கறதுக்கு நான் எதுக்குங்க ஐயா? அதுக்கு யாரு வேணா போதுமே. அந்தக் கண்ணக் கெடுக்க மாட்டேன்.”

“கண்ணு முக்கியமா, வேலை முக்கியமா?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க.”

சார் பையை எடுத்துவிட்டார். தவுக்கே வாயிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. அவர் அக்காவைப் பார்க்கிறார், அக்கா ஜன்னலைப் பார்க்கிறார். எனக்கு மகளின் பள்ளிச் சீருடை கண்ணில் வந்து நின்றது. வேலை கமுந்திங்குக்குப் போனால் லியோங் அக்காவுக்கு வேறு தாள் வரும், செல்லம்மாவுக்கு வேறு கட்டு வரும். எனக்கு மட்டும் வாசல்.

“சார், ஆந்தைய எங்கிட்ட குடுங்க” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“நான் தெனமும் காலையில எங்க மாமியாரு மூஞ்சியில முழிச்சிட்டுத்தான் வேலைக்கு வாரேன். இத்தன வருசமா ஒண்ணும் ஆகல. இதுக்கு மேல இந்த ஆந்தை என்னா செஞ்சிரப் போகுது?”

முதலில் சிரித்தது அழகப்பன் சார்தான். அவருக்கும் மாமியார் இருந்திருக்க வேண்டும். பிறகு மேசையே குலுங்கியது. லியோங் அக்கா வாயிலிருந்த கொட்டையை விழுங்கிவிட்டு இருமினார். ஆந்தை முழுக்க என் பொறுப்பு, ஒவ்வொரு கட்டிலும் ஓர் ஆந்தை இருக்கும், சார் எப்போது வந்தாலும் எந்தப் பெட்டியையும் பிரித்துப் பார்க்கலாம் என்று பேசி முடித்தோம். ஒரு கட்டில் இல்லாவிட்டாலும் வேலை கமுந்திங்குக்கு.

சிரிப்பு அடங்குவதற்குள் நான் தவுக்கேயைப் பார்த்தேன். “ஆந்தைக்கு ஆளு கெடச்சாச்சு. எனக்கு வேலை நிரந்தரமா தவுக்கே?”

“தெங்கோக் டூலு” என்றார். முதலில் பார்க்கலாம் என்று அர்த்தம். முதலாளிமார் எந்த மொழி படித்தாலும் முதலில் படிக்கும் வார்த்தை அதுதான்.

இரண்டாம் தடவை வேலை வந்தது. மேசையை மாற்றிப் போட்டோம். நான் மூலையிலிருந்து தலைப்பக்கத்துக்கு வந்தேன். ஆந்தை என் முன்னால் மட்டும். முகம், முதுகு, ஓரம் பார்த்து நான் முதலில் ஓர் ஆந்தையைத் தட்டில் வைப்பேன். செல்லம்மா அதன் மேல் இருவாச்சியை வைத்து மூடுவாள். தட்டு அப்படியே மேசையைச் சுற்றிப் போகும். ஆந்தை அடியில் இருக்கும், மற்றவர்கள் அதைப் பார்க்கவே வேண்டாம். செல்லம்மாவுக்குத்தான் கஷ்டம். தட்டு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருவாச்சியைத் தடவித் தடவி வைப்பாள்.

“கண்ண மூடிக்கிட்டு செக்கிங் பண்ற மொத ஆளு நீதான்டி” என்பார் லியோங் அக்கா.

எனக்கு என்ன கெடுதல் நடக்கப் போகிறது என்று மூவரும் ஆவலாகக் காத்திருந்தார்கள். என் செருப்பு வார் அறுந்தது. “பாத்தியா” என்றாள் செல்லம்மா. மழையில் நனைந்தேன். ரொக்கியா பரிதாபமாக நாக்கைத் தட்டினாள். மாமியாருக்குச் சளி பிடித்தது. “பாத்தியா, பாத்தியா!”

“யாரு கண்ணு யாரு மேல பட்டுச்சுன்னு தெரியலியேடி” என்றேன். “கழிச்ச ஆந்தை அட்டை ஒண்ண வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். அதுக்கும்தான் காலையிலேருந்து ஒடம்பு சரியில்ல.”

அப்போதுதான் சியூ யிங்கின் அம்மா நாலு நம்பர் லாட்டரி எடுத்தார். எங்கள் ஊரில் நம்பர் எடுக்காத வீடு குறைவு. பாம்பைக் கண்டால் ஒரு நம்பர், பிணத்தைக் கண்டால் ஒரு நம்பர் என்று அவர்களிடம் படம் போட்ட புத்தகமே உண்டு. மகள் தினமும் ஆந்தையோடு வேலை செய்கிறாளே என்று அந்த அம்மா புத்தகத்தில் ஆந்தையைத் தேடி, அந்த நம்பரை எடுத்திருக்கிறார். சின்னப் பரிசுதான். ஆனால் அடித்துவிட்டது.

மறுநாள் சியூ யிங் ஆந்தைக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதோடு என் நிம்மதி போயிற்று.

அதுவரை யாரும் தொடாத ஆந்தையை அதற்குப் பிறகு தொடாமல் யாரும் விடவில்லை. பணப்பையில் வைக்க ஒன்று, சாமி மேடையில் வைக்க ஒன்று, கொழுந்தியாளுக்கு ஒன்று. நம்பர் பக்கமே போகாத ரொக்கியாகூட, “வீட்ல எலி ஜாஸ்தி காக், ஆந்தைக்கு எலி பயப்படுமாம்” என்று என்னை மலாயில் அக்காவாக்கி நைசாகக் கேட்டாள். மெஷின்காரர் மாவுப் பொடியோடு வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லாருக்கும் ஒன்று கொடுத்தால் கட்டில் குறையும். கட்டில் குறைந்தால் நான் வாசலில்.

நல்ல அட்டையைக் கொடுக்க மாட்டேன் என்றேன். கழித்த அட்டை என்றால் கேட்கலாம் என்று லியோங் அக்கா சொன்னார். அது அதைவிட வம்பாகப் போயிற்று. செல்லம்மா கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு குறை தேட ஆரம்பித்தாள்.

“அஞ்சல, இந்த ஆந்தைக்கு மூக்கு ரெட்டையா தெரியல?”

“ஒனக்குத்தான் கண்ணாடி போடணும். ஒண்ணுதான்.”

“ஓரத்துல வெள்ளையா தெரியுதே.”

“அது ஒன் நகம்.”

“சரிலா, கொஞ்சம் மங்கலாவாச்சும் இருக்கா?”

“இல்ல.”

“ஒன்னைய இங்க கூட்டியாந்ததே நான்தான்.”

“அதனாலதான்டி தரல. வேலை போனா மறுபடியும் நீதானே வேலை தேடித் தரணும்?”

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. எங்கள் மேசையில் ஆந்தையைப் பார்த்த மாதிரி வேறு எந்தப் பறவையையும் யாரும் பார்த்ததில்லை. மை ஒரு புள்ளி சிந்தினால் மூன்று குரல் ஒரே நேரத்தில் கேட்கும். உண்மையிலேயே குறை உள்ளது ஒன்று கிடைத்துவிட்டால் தீபாவளிதான். சாயங்காலம் லியோங் அக்கா அன்றைய கழிவுகளை ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து, மூலையைக் கத்தரித்து, ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். மூலை வெட்டினால் அதிர்ஷ்டம் போய்விடுமா என்று முதல் நாள் பெரிய கவலை. சியூ யிங் அம்மாவைக் கேட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள். மூலை போனால் போகட்டும், கண் முழுசாக இருந்தால் போதுமாம்.

பெட்டிகள் ஏறும் நாளில் அழகப்பன் சார் வந்தார். முன்னால் சொல்லவில்லை. அடியிலிருந்து ஒரு பெட்டி, நடுவிலிருந்து ஒன்று, கடைசியாகக் கட்டியது ஒன்று என்று இறக்கச் சொன்னார். மேசையின் ஒரு பக்கம் அவர், எதிரே நான். மற்றவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். பட்டையைக் கிழித்து, அட்டைகளை எண்ணி ஒவ்வொன்றாக மேசையில் போட்டார். ஆந்தை இருந்தது. அடுத்த கட்டு, இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. கண் நெருப்பு மாதிரி மின்னியது. அவர் தலையாட்டிக்கொண்டே போனார்.

கடைசிப் பெட்டியில் ஒரு கட்டைப் பிரித்தார். போட்டு முடித்துவிட்டு மேசையைப் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

“இதுல ஆந்தை இல்லியே.”

அந்தக் கட்டில் ஆந்தையை வைத்த நினைவு எனக்கு இருந்தது. ஆனால் நினைவை மேசையில் போட்டுக் காட்ட முடியாதே. லியோங் அக்கா என் பக்கம் திரும்பினார். “அஞ்சலை அம்மா...” என்றார். சுவரோரம் செல்லம்மா முருகனையும் மாரியம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

நான் மேசையைப் பார்த்தேன். இருவாச்சி, கொக்கு, மைனா, மீன்கொத்தி எல்லாம் முகம் மேலே. அவர் இடது கை மேசை விளிம்பில் ஊன்றியிருந்தது. உள்ளங்கைக்குக் கீழே ஓர் அட்டையின் வெள்ளை முதுகு எட்டிப் பார்த்தது.

“சார்,” என்றேன், “கொஞ்சம் கையத் தூக்குங்க.”

தூக்கினார். ஓர் அட்டை குப்புறக் கிடந்தது. திருப்பினார். ஆந்தை அவரை முழித்துப் பார்த்தது.

எப்போது திருப்பினோம் என்று அவருக்கே தெரியவில்லை. தம் கையையே ஏதோ வேறு ஆளின் கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். லியோங் அக்காதான் முதலில் சிரித்தார். அடுத்து அவரே சிரித்தார். “வீட்ல எங்க ஆச்சி அப்படிப் பழக்கி வச்சிருக்காங்க” என்றார். கையெழுத்துப் போட்டார். மூன்றாம் தடவையும் அடிக்கப் போகிறார்களாம், அதுவும் இங்கேதான் என்று தவுக்கேயிடம் சொன்னார். லாரி கிளம்பியது.

சார் போகிற போக்கில் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“லியோங், கழிச்சது ஏதாச்சும் ஒண்ணு இருக்குமா?”

“மூலை வெட்டுனதுதான் சார் இருக்கு.”

“கண்ணு முழுசா இருக்கா?”

அன்று சாயங்காலம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தவுக்கே என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கலாம் என்றால் மறுபடியும் பார்க்கலாம் என்றுதான் வரும். லியோங் அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“ஏ புள்ள, நாளையிலேருந்து ஏழரைக்கு வந்துரு.”

“ஏன்க்கா? எனக்கு எட்டு மணிதானே?”

“எட்டு மணி டெம்பரரி ஆளுங்களுக்கு.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் துணியைப் பிடித்தபடியே நின்றேன். செல்லம்மா வந்து என் முதுகில் ஓர் அடி போட்டுவிட்டு, “இப்பவாச்சும் ஒண்ணு குடுடி” என்றாள்.

மறுநாள் ஏழரைக்கு முன்பே போய்விட்டேன். வாசலில், வேலைக்கு வந்த நேரத்தை அட்டையில் குத்தும் கடிகாரத்துக்குப் பக்கத்தில், நிரந்தர ஆட்களின் வேலை நேர அட்டைகள் தகரப் பெட்டியில் வரிசையாக இருந்தன. கடைசியில் புதிதாக ஒன்று. அதில் அஞ்சலை என்று லியோங் அக்காவின் கையெழுத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனேன். முகம் பார்த்தேன், முதுகு பார்த்தேன், ஓரத்தை விரலால் தடவினேன். மேல் வெட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூலையில் மை கொஞ்சம் ஈஷியிருந்தது.

கழிக்கவில்லை. கடிகாரத்துக்குள் செருகினேன். டக்கென்று கடித்துத் திருப்பிக் கொடுத்தது.